பாலைக்குள் ஓர் ஈரக் குகை

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துத் தென்பகுதிப் பாலை அத்தகையதன்று. கள்ளியும் முட்புதரும் நிறைந்த கல்நிலம் அது. அங்கே, பென்சன் என்னும் சிற்றூருக்குத் தெற்கே, கார்ட்ச்னர் குகைகள் மாநிலப் பூங்கா அமைந்துள்ளது. மேலே வறட்சி, கீழே, சுண்ணாம்புக் குன்றின் வயிற்றுக்குள், இன்றும் நீர் சொட்டிக்கொண்டிருக்கும் குகை! வீட்டுவண்டி ஒன்றில் சென்று அங்கே இரண்டு இரவுகள் தங்கிவரத் திட்டமிடுவது எவ்வாறு என்று பார்ப்போமா, தோழியரே? ஏடும் பென்சிலும் போதும்.

வண்டியைப் பற்றி முதலில் கூறிவிடுவோம். அமெரிக்கர் இதனை ஆர்.வி. என்பர். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை ஆகிய அனைத்தும் உள்ளே உண்டு. சில வண்டிகள் தாமே ஓடும்; சிலவற்றை வேறொரு வண்டி இழுத்துச் செல்லும். பெரும்பாலானவற்றின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல நீருக்கு, ஒன்று குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு, மற்றொன்று கழிப்பறைக்கு. இம்மூன்று தொட்டிகளையும் மறவாதிருங்கள். பின்னர் கணக்குப் போட வேண்டும்.

எப்போது செல்வது? விடுமுறை எப்போதோ அப்போது என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் இங்கே நாளைக் குறிப்பவை வௌவால்கள்! ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை குகையின் ‘பெரிய கூடம்’ மூடப்பட்டிருக்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண் வௌவால்கள் அங்கே வந்து, ஆளுக்கொரு குட்டி ஈன்று வளர்க்கின்றன. அப்பருவத்தில் ரொட்டுண்டா, சிம்மாசனக் கூடம் என்னும் மற்றப் பகுதியை மட்டுமே காணலாம். கோடையில் வெளியே வெப்பமும் கடுமை. ஜூலை, ஆகஸ்டில் இடிமழை வந்தால் வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளம் பாயும். ஆகவே நாம் நவம்பரைத் தேர்வோம். அவ்விடம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,700 அடி உயரமாதலால் இரவில் நன்கு குளிரும். கம்பளி வேண்டும். பாலைக்கா கம்பளி என்று பாட்டிமார் வியப்பார்கள், வியக்கட்டும்.

முன்பதிவு செய்கையில் பலரும் தங்கும் இடத்தை முதலில் பிடித்துவிட்டுக் குகைச் சீட்டுக்குப் பின்னர் அலைவர். எதிர்மாறாகச் செய்வதே நன்று. வழிகாட்டியின்றிக் குகைக்குள் செல்ல முடியாது. ஒவ்வொரு குழுவிலும் குறிப்பிட்ட சிலருக்கே இடம். எனவே குகைச் சீட்டின் நாளையொட்டித் தங்கும் இடத்தைக் கேட்க வேண்டும். ஏழு வயது நிரம்பாத தம்பி தங்கைகளுக்குப் பெரிய கூடத்தில் அனுமதியில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1974 நவம்பரில் ராண்டி டஃப்ட்ஸ், கேரி டெனன் என்னும் இரு இளைஞர்கள் குன்றில் ஒரு குறுகிய பிளவைக் கண்டனர். அதிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்தது. தவழ்ந்து நுழைந்தவர்கள் ஒருவரும் கால்வைக்காத குகையைக் கண்டார்கள். வேறு பல குகைகளில் மனிதர் கற்களை ஒடித்தும் பெயர் கிறுக்கியும் பாழாக்கியதை அறிந்திருந்ததால் இருவரும் வாய்திறக்கவில்லை. 1978-இல் நிலத்தின் உரிமையாளரான கார்ட்ச்னர் குடும்பத்தாரிடம் மட்டும் கூறினர். அவர்களும் இரகசியம் காத்தனர். 1988-இல் மாநில அரசு அந்நிலத்தை வாங்கிய பின்னரே உலகம் அறிந்தது. பதினான்கு ஆண்டுகள்! (ஒரு பிறந்தநாள் பரிசை இரண்டு நாள் மறைத்துவைக்க நம்மால் முடிகிறதா?) குகை 1999 நவம்பரில் திறக்கப்பட்டது. டஃப்ட்ஸ் 2002-இல் காலமானார்.

அவர்கள் அஞ்சியது திருடருக்கு மட்டுமன்று, வறண்ட காற்றுக்கும்தான். மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கி, சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. குகைக்குள் துளியாய்த் தொங்கும்போது அவ்வாயு வெளியேற, சுண்ணாம்பு ஒட்டிக்கொள்கிறது. இவ்வாறு மேலிருந்து கல்விழுது இறங்க, கீழிருந்து கல்முளை எழ, இரண்டும் சேர்ந்தால் தூண். இங்கே ‘குப்ளா கான்’ எனப் பெயரிட்ட தூண் 58 அடி உயரம்! குடிக்கும் உறிஞ்சுகுழல் போன்ற மெல்லிய கல்விழுது ஒன்று 21 அடிக்கும் மேல் நீண்டுள்ளது. குகைக்காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 99 விழுக்காடு. பாலைக்காற்று தாராளமாகப் புகுந்தால் துளிகள் உலர்ந்துவிடும். கல்லின் வளர்ச்சி நின்றுவிடும். அதனால்தான் சுரங்கப்பாதையில் அடுத்தடுத்துக் கதவுகள் வைத்து, ஒன்று மூடிய பின்பே மற்றொன்றைத் திறக்கின்றனர். நம் ஆடையின் நூல்தூசு உதிராதிருக்க நீர்த்திவலை தெளித்தே உள்ளே விடுகின்றனர். பை, புகைப்படக் கருவி, தின்பண்டம், தண்ணீர்ப்புட்டி எதுவும் கூடாது. கல்லில் கை பட்டுவிட்டால் வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும்; அவ்விடத்தைக் குறித்துவைத்துப் பின்னர் கழுவுவார்கள். உள்ளே வெப்பம் சுமார் 22 சென்டிகிரேடு; எனவே கம்பளியை வண்டியிலேயே விட்டுச்செல்லலாம்.

இனி நம் தண்ணீர்க் கணக்கு. நால்வர், இரண்டு நாட்கள். பாலையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் குடிநீர் வைத்தால் 32 லிட்டர். வழியில் வண்டி நின்றுவிட்டாலும் உதவும்படி இதைத் தனிக் கலன்களில் கொண்டுசெல்வோம். தொட்டியில் 150 லிட்டர் ஏற்றினால் எடை 150 கிலோ கூடும் என்பதையும் ஓட்டுபவர் நினைவில் கொள்ளட்டும். பூங்காவில் மின்சாரமும் குழாய்நீரும் வண்டிக்கருகிலேயே கிடைக்கும். அப்படியானால் கவலை ஏது என்பீர்கள். நீர் வரக் குழாய் உண்டு. கழிவு போகக் குழாய் அங்கில்லை! அழுக்குநீர்த் தொட்டியும் 150 லிட்டர் என்று கொள்வோம். நால்வரும் ஆளுக்கு இரண்டு வாளி ஊற்றிக் குளித்தால், வாளிக்கு 18 லிட்டர் வீதம் 144 லிட்டர். முதல் நாளே தொட்டி நிரம்பிவிடும், பாத்திரம் கழுவ வழியில்லை. ஆகவே ஆளுக்கு அரை வாளி என்று எழுதிக்கொள்க. நிரம்பியதைத் தரையில் திறந்துவிடக் கூடாது.

புறப்படும் நாள் காலையில், சக்கரங்கள் சூடேறுமுன் காற்றழுத்தம் பார்த்துவிட்டு, கழிவு இறக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுசெல்ல வேண்டும். கழிப்பறைத் தொட்டியை முதலிலும் குளித்தநீர்த் தொட்டியை இரண்டாவதாகவும் திறக்க வேண்டும். அப்போதுதான் பின்னதன் நீர் குழாயைக் கழுவிவிடும்.