முதல் எழுத்தின் அடையாளம்

மனித உயிரணுவின் மரபுச்செய்தி முழுவதும் உட்கருவுக்குள் அடங்கிவிடவில்லை. ஆற்றலை ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தனியே ஒரு டி.என்.ஏ உண்டு. 16,569 கார இணைகள் கொண்ட அச்சிறு வளையத்தின் வரிசையைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1981ஆம் ஆண்டு முழுமையாக வெளியிட்டனர். அதிலுள்ள 37 மரபணுக்களுள் புரதத்திற்குரியவை 13 மட்டுமே. எண்ணிக்கை சிறிதாயினும், மூச்சில் வரும் உயிர்வளி ஆற்றலாக்கத்திற்குப் பயன்பட அப்பதின்மூன்றும் இன்றியமையாதவை.

புரதத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதை ரைபோசோம் எவ்வாறு அறிகிறது? சைட்டோபிளாசத்தில், தூது ஆர்.என்.ஏவின் முனையிலுள்ள தொப்பி போன்ற அமைப்பு வழிகாட்டுகிறது. பாக்டீரியாவில், தொடக்கக் குறியனுக்கு முன்னுள்ள ஒரு சிறு தொடர் அப்பணியைச் செய்கிறது. மனித மைட்டோகாண்ட்ரியாவில் இவ்விரண்டும் இல்லை. தூது ஆர்.என்.ஏக்களுள் பெரும்பாலானவை முகவுரை ஏதுமின்றித் தொடக்கக் குறியனிலேயே, அல்லது அதற்கு இரண்டொரு எழுத்து முன்னர், தொடங்கிவிடுகின்றன. குறியனும் சற்றே வேறு. சைட்டோபிளாசத்தில் ஐசோலியூசினைச் சுட்டும் ஏ.யு.ஏ, இங்கே ஏ.யு.ஜி போலவே மெத்தியோனைனைச் சுட்டுகிறது, தொடக்கமாகவும் நிற்கிறது.

வியப்புக்குரியது இதன் சிக்கனம். சைட்டோபிளாசத்தில் தொடக்க மெத்தியோனைனைக் கொணர ஒரு கடத்து ஆர்.என்.ஏவும், இடையில் வருவதைக் கொணர மற்றொன்றும் உள்ளன. மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டிற்கும் ஒன்றே. 'கடல்', 'அகல்' என்னும் சொற்களில் ககரம் ஒன்றே. முதலில் வல்லொலியாகவும் இடையில் மெல்லிதாகவும் ஒலிக்கிறது. அதுபோல் இங்கும் ஒரு வேறுபாடு தேவைப்படுகிறது. கடத்து ஆர்.என்.ஏ சுமக்கும் மெத்தியோனைன்களுள் ஒரு பகுதியில் நொதியொன்று ஃபார்மைல் தொகுதியை இணைக்கிறது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என மூன்றே அணுக்கள்! இரண்டாம் தொடக்கக் காரணி அவ்வடையாளம் பெற்றதையே விரும்பித் தேர்ந்து, 28எஸ் சிறு துணையலகில் அமர்த்துகிறது. 39எஸ் பெருந்துணையலகு அதுவரை முந்திவந்து சேராமல் மூன்றாம் காரணி காக்கிறது. பின்னர் இரண்டும் இணைந்து 55எஸ் ரைபோசோம் உருவாகும், ஜி.டி.பி பிளவுற்றுக் காரணி விலகும். பாக்டீரியாவிலுள்ள முதலாம் காரணி இங்கில்லை. இரண்டாம் காரணியிலேயே 37 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு மிகைப்பகுதி அமைந்து அதன் இடத்தை நிரப்புகிறது.

ஃபார்மைல் தொகுதியை இணைக்கும் நொதி பழுதுபட்டால், குழந்தைகளின் மூளை ஆழ்பகுதிகளைச் சிதைக்கும் லீ நோய் தோன்றக்கூடும். அந்நொதிக்குரிய மரபணு இருப்பது உட்கருவில். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வந்து சேரும்போதே நோய் வெளிப்படுகிறது. ஆதலால், தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏவை எத்துணை நுணுகி ஆராய்ந்தாலும் அக்குழந்தையின் நோய்க்காரணம் அதில் புலப்படாது.