கடல் கடந்து மீண்ட பிடில்

வால்பாறையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோவிலில் கிறிஸ்து பிறப்பு ஆராதனை நிகழுங்கால், பாமாலைப் பாட்டைப் பாடகர் நான்கு பிரிவாய் நின்று பாடுவர். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்னும் நால்வகைக் குரலும் வெவ்வேறு சுரங்களை ஒருங்கே ஒலிக்கும். அடுத்துக் கீர்த்தனை தொடங்கியவுடன் அந்நான்கும் ஒரே மெட்டில் அடங்கிவிடும். இவ்விரண்டும் ஒரே பாட்டிற் கூடாவோ என்று சிறுவனாயிருந்தபோது யான் பாடகர் தலைவரைக் கேட்டதுண்டு. “கூடாது தம்பி, அது ஏட்டுப் பாட்டு, இது காதுப் பாட்டு” என்றார் அவர். அவ்விடை என் உள்ளத்தில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. அதற்கு மறுமொழியாய் அமைந்த வாழ்க்கை ஒன்றை ஈண்டு ஆராய்வோம். அது பிடில் வித்துவானும் இசையமைப்பாளருமாகிய எல். சுப்பிரமணியம் அவர்களின் வாழ்க்கையாகும்.

பிடில் மேனாட்டிலிருந்து நம்மிடம் வந்த கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் (பிறப்பு 1786) அதனைச் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் பயின்று நம் இசைக்கு உரியதாக்கினார் என்பர். மேனாட்டார் அதனை மோவாயின்கீழ் இடுக்கி வாசிப்பர். நம்மவரோ சம்மணமிட்டமர்ந்து, கருவியின் தலையைப் பாதத்தின்மேற் சார்த்துவர். இதனால் இடக்கை பாரம் நீங்கி, விரல்கள் தந்தியின்மேல் வழுக்கிக் கமகங்களைக் காட்ட இயலும். தந்திகளையும் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் என நமக்கேற்பச் சுருதி கூட்டிக்கொண்டோம். இங்ஙனம் வந்த விருந்தினர் வீட்டாராயினர். எனினும் கச்சேரியில் அக்கருவி பெரும்பாலும் பக்கவாத்தியமாகவே நின்றது.

இந்நிலையை மாற்ற விழைந்தவர் சுப்பிரமணியத்தின் தந்தையாராகிய வி. லட்சுமிநாராயணர். பிடில் தனித்து அரங்கேறத்தக்கது என்பது அவர்தம் கொள்கை. யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராயிருந்த அவர், 1958-ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் விளைவாய்க் குடும்பத்துடன் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1947-இற் பிறந்த சுப்பிரமணியம் தந்தையாரிடமே பிடில் கற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று மருத்துவப் பட்டமும் பெற்றார். இசையா மருத்துவமா என்ற வினா எழுந்தபோது இசையைத் தெரிந்துகொண்டார். கையிலுள்ள உறுதியான தொழிலை விடுத்து உறுதியற்றதைப் பற்றுதல் எத்துணை அரிது என்பதை, தமிழைச் சிறப்புப் பாடமாய் எடுத்தமையால் “இதனாற் பயன் யாது?” என்று வினவப்பெறும் எம்மனோர் நன்கறிவர்.

1974-இல் ரவிசங்கருடன் மேனாடுகளிற் சுற்றிய இந்திய இசைக்குழுவில் அவர் இடம்பெற்றார். கலிபோர்னியா கலைக்கழகத்திற் சேர்ந்து மேனாட்டுச் செவ்விசையில் முதுகலைப் பட்டமும் பெற்றார். ராக இசையில் தேர்ந்த ஒருவர் மீண்டும் மாணவராய் அமர்ந்து அயல் இலக்கணம் பயின்றமையே அவர் வாழ்வின் திருப்பம் என்பது என் கருத்து.

அவர்முன் நின்ற இடர்ப்பாட்டைச் சிறிது விளக்குவோம். தோடி ராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைவது; அவ்வசைவே தோடியின் உயிர். அதன்கீழ் அசையாத சுரங்களை அடுக்கி ஒலித்தால் இரண்டும் மோதும். அன்றியும், மேனாட்டுப் பெருங்குழுவில் எண்பது, நூறு பேர் தத்தமக்கு எழுதப்பட்ட ஏட்டை நோக்கி, நடத்துநரின் கைக்குறிப்பின்படி வாசிப்பர். நம் வித்துவானோ ஆலாபனையிலும் கற்பனைச்சுரத்திலும் அவ்வப்போது தோன்றுவதை வாசிப்பவர். எழுதியதும் எழுதாததும் ஒருங்கு நிற்றல் எங்ஙனம்? குழுவிற்குரியதை ஏட்டில் வரையறுத்து, தனிக்கருவிக்கு இடம் ஒழித்து வைத்தலே வழி. மேனாட்டுக் கான்செர்ட்டோவிலும் குழுவினர் ஓய்ந்திருக்க ஒருவர் தனித்து வாசிக்கும் ‘கடென்சா’ என்னும் பகுதி பண்டுதொட்டே உண்டு. ஆகவே இரு மரபுகளும் கைகோத்தற்குரிய வாயில் முன்னரே திறந்திருந்தது. அதனைக் காண இரண்டையும் கற்ற கண் வேண்டியிருந்தது.

பிடிலுக்கும் புல்லாங்குழலுக்குமாக அவர் இயற்றிய இரட்டைக் கான்செர்ட்டோ 1983-இல் வெளிவந்தது. வேத ஒலிகளை அடியாகக் கொண்ட ‘பேண்டசி ஆன் வேதிக் சாண்ட்ஸ்’ என்னும் படைப்பை 1985-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவினர், பம்பாயிற் பிறந்த சுபின் மேத்தா நடத்த, வாசித்தனர். மேனாட்டினின்று ஒற்றைக் கருவியாய் வந்த பிடில், அந்நாட்டுப் பெருங்குழுவின்முன் ராகத்தைச் சுமந்து நின்றது. பக்கவாத்தியம் என்ற பெயர் அன்று எங்கே போயிற்று! தந்தையார் நினைவாக 1992-இல் அவர் தொடங்கிய இசைவிழா பல நாட்டு இசைவாணரை ஓரரங்கில் கூட்டுவித்தது. 2025-இல் நம் நாடு அவருக்குப் பத்மவிபூஷண் விருதளித்தது.

இத்தகைய முயற்சி தமிழர்க்கு முற்றிலும் புதிதன்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் இருநாட்டு இசையிலக்கணங்களையும் ஆராய்ந்து 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். ஆராய்ச்சியில் அவர் ஒப்புநோக்கியவற்றைச் சுப்பிரமணியம் அரங்கில் ஒலிக்கச் செய்தார் எனலாம்.

ஆயின் எங்கள் பாடகர் தலைவர் கூற்று முற்றும் பிழையோ? அன்று. அரைகுறையாய்க் கற்று அவசரமாய்க் கலப்பின் இரண்டும் கெடும் என்பதை அவர் செவி அறிந்திருந்தது. முதலில் தன் மரபில் ஆழ வேரூன்றுக; பின்னர்ப் பிறர் மரபைப் பணிவுடன் முறையாகக் கற்க; அதன்பின் கூட்டுக. இம்மூன்றனுள் ஒன்று குறையினும் கூடாது. மூன்றும் நிறைந்தவழி ஏடும் காதும் கூடும். தமிழ் கற்று ஆங்கிலமும் கற்கும் நமக்கும் இது பொருந்துமன்றோ?

வருங் கிறிஸ்து பிறப்புக்கு வீடு செல்லும்போது அம்முதியவரிடம் இதனைச் சொல்லுவேன். அவர் ஒப்புக்கொள்ளாவிடினும், ஒரு கீர்த்தனையேனும் கேட்டுப் பார்க்க இசைவார் என நம்புகிறேன்.