கணனி பழுதானால் கடையை மூட வேண்டுமா?

சப்ரகமுவ பகுதியில் கடை வைத்திருப்போருக்கு ஏப்ரல் மாத மாலை நேரத்து இடி மின்னலைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நிவித்திகலையில் நான் நடத்தி வரும் கட்டடப் பொருட்கள் கடையில், சில வருடங்களுக்கு முன்னர் அப்படியொரு மாலையில் தொலைபேசிக் கம்பி வழியாக வந்த மின்னல், ரவுட்டரையும் அதனோடு இணைந்திருந்த பில் போடும் கணனியையும் சேர்த்தே கொண்டு போய்விட்டது. மறுநாளே இரத்தினபுரிக்குச் சென்று புதிய கணனியொன்றை வாங்கி வந்தோம். ஆனால் பழைய கணனி செய்த வேலையை அது செய்யும் நிலைக்கு வர ஐந்து நாட்கள் பிடித்தன.

எமது கணனிகளை அமைத்துத் தந்த தம்பி அப்போது கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தார். பில் மென்பொருளின் உரிம இலக்கம், கடை மின்னஞ்சலின் கடவுச்சொல், பிரின்டருக்குப் போட வேண்டிய மென்பொருள் எல்லாம் அவருக்கு மாத்திரமே தெரியும். மின்னஞ்சல் கணக்குக்கூட அவருடைய கைத்தொலைபேசி இலக்கத்தில்தான் பதியப்பட்டிருந்தது. அவரில் பிழையில்லை. அங்கு வேலை முடிந்து வந்து, நித்திரை விழித்து எமக்கு உதவினார். எதையும் எழுதி வைக்காமல் விட்டது முதலாளியான என்னுடைய பிழை.

அதைவிடப் பெரிய சங்கடம் கடன் கணக்கில் வந்தது. கடைசி ஒன்பது நாட்களின் பதிவுகள் எங்கும் இருக்கவில்லை. எம்மிடம் கடனுக்கு வாங்குவோர் பெரும்பாலும் சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்களும் மாணிக்கக் குழிகளில் வேலை செய்வோருமே. பலர் தாமாகவே வந்து தமது கடனைச் சொன்னார்கள். ஆனால் அந்த ஒன்பது நாட்களில் கடனைத் தீர்த்தவர்கள் யார்? அவர்களில் ஒருவரிடம் எமது பையன் மீண்டும் பணம் கேட்டுவிட்டான். அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து எமது ரசீதை எடுத்துக் காட்டினார். கொடுத்த கடன் வராமற் போவது எமக்கு நட்டம். தீர்த்த கடனை மீண்டும் கேட்பது அநியாயம். கணக்கு என்பது எம்மிடம் இருக்கும் அமானிதம் என்பதை அன்றுதான் சரியாக உணர்ந்தேன்.

உலகப் பெரும் கம்பனிக்கு நேர்ந்தது

சிறிய கடைக்கு மட்டும் உரிய குறை இதுவென எண்ண வேண்டாம். கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து போகும் கொள்கலன்களில் மெயர்ஸ்க் என்ற பெயரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2017 ஜூன் 27ஆம் திகதி ‘நொட்பெட்யா’ என்ற தீய மென்பொருள் அந்த டென்மார்க் கம்பனியின் கணனிகளைச் செயலிழக்கச் செய்தது. 4,000 சேவையகங்களையும் 45,000 கணனிகளையும் பத்து நாட்களில் மீள நிறுவ வேண்டியிருந்ததாக அதன் தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் கூறினார். நட்டம் 25 முதல் 30 கோடி டொலர் வரை எனக் கம்பனி கணக்கிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. யார் யார் எந்தக் கணனிக்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் மையப் பதிவேட்டின் பிரதிகள் எல்லாம் அழிந்துவிட்டன. ஆபிரிக்காவின் கானாவிலிருந்த ஒரு பிரதி மாத்திரம் தப்பியது. தாக்குதல் நடந்த வேளையில் அங்கு மின்சாரம் தடைப்பட்டிருந்ததே காரணம்! கணனிகளை மீண்டும் வாங்கலாம். யார், என்ன, எப்படி என்ற ஒழுங்கு தொலைந்தால் அதை வாங்க முடியாது.

கிளவுட் முறை என்ன செய்கிறது?

ஒவ்வொரு கணனிக்கும் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமைப்பதே பழைய முறை. புதிய முறையில் அந்த ஒழுங்கை ஒரு தடவை எழுதி, இணையத்தின் மறுபுறத்திலுள்ள நம்பகமான சேவையகத்தில், அதாவது கிளவுட்டில், வைத்துவிடுகிறோம். காசாளரின் கணனியில் என்னென்ன மென்பொருட்கள் இருக்க வேண்டும், கடவுச்சொல் எப்படி அமைய வேண்டும், யுஎஸ்பி பாவிக்கலாமா, புதுப்பித்தல்கள் எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பவையெல்லாம் அதில் அடங்கும்.

மைக்ரோசொப்ட் கம்பனி ‘இன்டியூன்’ என்ற முகாமைச் சேவையையும், 2017இல் ‘ஓட்டோபைலட்’ என்ற வசதியையும் அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு கணனிக்கும் உரிய தனி அடையாளத்தை எமது கம்பனிக் கணக்கில் முன்கூட்டியே பதிகிறோம். பின்னர் ஊழியர் பெட்டியைத் திறந்து, கணனியை இணையத்தில் இணைத்து, தனது அலுவலக மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் போதும். அது எந்தக் கடையின் கணனி என்பதை கிளவுட் அறிந்து, எழுதி வைத்த ஒழுங்கின்படி மென்பொருட்களை இறக்கி, ஹார்ட் டிஸ்க்கைப் பிறர் படிக்க முடியாதவாறு பூட்டிவிடும். அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளுக்கும் கூகிளிடம் இதையொத்த முறையுண்டு.

கணனி களவு போனால் அதிலுள்ளவற்றைத் தூரத்திலிருந்தே அழிக்கக் கட்டளையிடலாம். ஆனால் அந்தக் கணனி இணையத்தில் இணையும்போதுதான் கட்டளை போய்ச்சேரும். அதற்கு முன் எம்மைக் காப்பது அந்தப் பூட்டுத்தான்.

மின்னல் அனுபவத்தின் பின்னர், நிவித்திகலைக் கடையிலுள்ள நான்கு கணனிகளையும் இரத்தினபுரிக் கிளையிலுள்ள இரண்டையும் நாம் இம்முறைக்கு மாற்றினோம். கிளைக்குப் புதிய லெப்டொப் வாங்கியபோது அங்குள்ள கணக்குப் பிள்ளையே அதைத் திறந்து இயக்கினார். இரண்டு மணித்தியாலத்தில் வேலைக்குத் தயாரானது. பில் பிரின்டர் மாத்திரம் சரிவரவில்லை. அதை ஒருவர் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

எதைச் செய்யாது?

பலர் ஏமாறும் இடம் இதுதான். கிளவுட் முறை கணனியின் அமைப்பை மீட்டுத் தரும். உங்கள் கணக்குகளை மீட்டுத் தராது. பில் மென்பொருளின் தரவுகள் அதே கணனிக்குள் இருந்தால், அவற்றுக்கு வேறாகப் பிரதி எடுக்க வேண்டும். ஒன்ட்ரைவ் போன்ற இணையப் பெட்டகத்தில் ஆவணங்களை வைக்கலாம். ஆனால் திறந்த நிலையில் இயங்கிக்கொண்டிருக்கும் பில் தரவுக் கோப்பை அப்படியே அதில் போட்டால் பழுதாகலாம். அந்த மென்பொருளின் பிரதி எடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, எடுத்த பிரதியையே பெட்டகத்துக்கு அனுப்ப வேண்டும்.

பிரதி வேறாக இருக்க வேண்டும் என்பதற்கு எமது நாட்டிலேயே பாடம் உண்டு. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் மீது கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. இணைப்பிலிருந்த பிரதியும் சேர்ந்தே பாதிக்கப்பட்டது. வேறாகப் பிரித்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. காலாவதியான மின்னஞ்சல் மென்பொருள் தொடர்ந்து பாவனையிலிருந்ததும் அப்போது வெளிவந்தது. ஆகவே ‘கிளவுட்டில் இருக்கிறது’ என்ற சொல் மாத்திரம் பாதுகாப்பாகாது.

சாவி யாரிடம்?

எல்லாக் கணனிகளையும் ஓரிடத்திலிருந்து ஆள முடியுமென்றால், அந்த இடத்தின் சாவியைப் பெற்றவர் எல்லாவற்றையும் அழிக்கவும் முடியும். 2024 ஓகஸ்ட் 4ஆம் திகதி சிங்கப்பூரில் இதுதான் நடந்தது. மாணவர்களின் கருவிகளை முகாமை செய்த ‘மொபைல் கார்டியன்’ என்ற சேவைக்குள் எவரோ ஊடுருவியதால், 26 பாடசாலைகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கருவிகளிலிருந்த தரவுகள் துடைத்தழிக்கப்பட்டன. பிரதி வைத்திராத மாணவர்கள் தமது பாடக் குறிப்புகளை இழந்தனர். கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாக் கருவிகளிலிருந்தும் அகற்றியது.

பிழை தீயவர்களால்தான் வர வேண்டும் என்றுமில்லை. 2024 ஜூலை 19ஆம் திகதி க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பனி அனுப்பிய ஒரேயொரு பிழையான புதுப்பித்தல் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகளை முடக்கியது. எனவே நாம் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு கணனியில் மாத்திரம் செய்து, இரண்டு நாள் பார்த்த பின்னரே மற்றவற்றுக்கு அனுப்புகிறோம்.

எவருக்குப் பொருந்தும்?

ஒரே கணனி வைத்திருக்கும் கடைக்கு இந்தச் செலவு தேவையில்லை. நல்ல பிரதியும் எழுதி வைத்த குறிப்பும் போதும். ஐந்தாறு கணனிகளோ இரண்டாவது கிளையோ உள்ளவர்கள் யோசிக்கலாம். மைக்ரோசொப்ட்டின் ‘பிஸ்னஸ் பிரீமியம்’ திட்டத்தில் இவ்வசதிகள் அடங்குகின்றன. ஆனால் கட்டணம் ஆளொருவருக்கு மாதந்தோறும், அதுவும் டொலர் கணக்கில். 2022இன் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை மறந்துவிட வேண்டாம். மலிவாக விற்கப்படும் லெப்டொப்களில் விண்டோஸ் ‘ஹோம்’ பதிப்பு இருக்கும். ஓட்டோபைலட் முறைக்கு ‘புரோ’ அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும். வாங்கும் முன்னர் கேளுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்திற் கொள்ளுங்கள்.

இவ்வாரமே செய்யக்கூடியவை

1. கணனிகள், உரிம இலக்கங்கள், பிரின்டர்கள் ஆகியவற்றின் பட்டியலைக் கொப்பியொன்றில் எழுதுங்கள்.

2. கடையின் மின்னஞ்சலும் நிர்வாகக் கணக்கும் உங்கள் பெயரிலும் உங்கள் தொலைபேசி இலக்கத்திலும் இருக்கட்டும். கடவுச்சொல்லுக்கு மேலாக இரண்டாவது உறுதிப்படுத்தலையும் கட்டாயமாக்குங்கள்.

3. அவசரத்துக்கென இரண்டாவது நிர்வாகக் கணக்கொன்றை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி முத்திரையிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

4. ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குக் கொடுங்கள். ஒருவர் விலகினால் அன்றே அவருடைய கணக்கை மூடுங்கள்.

5. தினமும் கடை மூடும் முன் பில் தரவைப் பிரதி எடுங்கள். வாரத்துக்கு ஒன்றை இணைப்பிலிருந்து கழற்றி, கடைக்கு வெளியே வையுங்கள். 2017 மே வெள்ளத்தைக் கண்ட இரத்தினபுரி வியாபாரிகளுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

6. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

மின்னல் விழுந்த அந்த வருடத்துக்குப் பின்னரும் எமது கடையில் ஒரு கணனி பழுதானது. காலையில் பழுதானது, பிற்பகலில் மாற்றுக் கணனியில் பில் போட்டோம். கட்டாரிலுள்ள தம்பிக்கு அன்று எவரும் தொலைபேசி எடுக்கவில்லை. அன்று ரசீதோடு வந்தவர் இன்றும் எமது வாடிக்கையாளர்தான். ஒவ்வொரு தடவையும் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டே போகிறார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.