சீட்டு எழுதினால் போதுமா?

உடலெங்கும் சொறியோடு வந்த மூன்றாம் வகுப்பு மாணவனை, "குணமானதும் வா" என்று வீட்டுக்கு அனுப்பினேன். மற்ற பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமே என்ற கவலை. காரணத்தை ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தேன், தமிழில். அவன் பெற்றோர் ஒடிசாவிலிருந்து புதுவாயல் பக்கம் வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது, பதினொரு நாள் வருகைப் பதிவேட்டில் அவன் வரவில்லை என்று குறித்த பிறகே எனக்கு உறைத்தது.

இதே தவறு ஒரு நூற்றாண்டுக்கு முன் நியூயார்க்கிலும் நடந்திருக்கிறது. 1880களில் தொடங்கி, ரஷ்யப் பேரரசில் நடந்த தாக்குதல்களுக்கும் வறுமைக்கும் தப்பி யூதர்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்கா சென்றனர். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் நெருக்கமான வாடகை அறைகளில் வாழ்ந்து, பலர் தையல் வேலை செய்தனர். 1893இல் லில்லியன் வால்டு என்ற செவிலியர் அங்குள்ள பெண்களுக்கு வீட்டு நோயாளியைப் பராமரிக்கும் முறையைக் கற்பித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஒரு சிறுமி வகுப்புக்கு வந்து, பிரசவித்துப் படுத்த படுக்கையாய்க் கிடந்த தன் தாயிடம் அவரை அழைத்துப்போனாள். அந்த அறையைப் பார்த்தபின் வால்டு அந்தப் பகுதியிலேயே குடியேறிவிட்டார். ஹென்றி தெரு செட்டில்மென்ட் இல்லம் அப்படிப் பிறந்தது. படித்தவர்கள் ஏழைகளின் தெருவிலேயே குடியிருந்து, அண்டை வீட்டாராக உதவும் இடமே செட்டில்மென்ட் இல்லம். 1884இல் இலண்டனில் தொடங்கிய டாயின்பீ ஹால் இதற்கு முன்னோடி.

அக்காலத்தில் நியூயார்க் பள்ளிகளில் மருத்துவர்கள் கண்நோயும் தோல்நோயும் உள்ள குழந்தைகளைக் கண்டறிந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவர். மருந்து கொடுப்பார் யாருமில்லை. அனுப்பப்பட்டவர்கள் மாலையில் அதே தோழர்களோடு தெருவில் விளையாடினர்! 1902இல் வால்டு தம் இல்லத்துச் செவிலியர் லினா ரோஜர்ஸை நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதச் சோதனையாக அனுப்பினார். ரோஜர்ஸ் பள்ளியில் மருந்திட்டார். வீடுகளுக்கும் சென்று தாய்மாருக்கு விளக்கினார். நோய் காரணமாக வீட்டுக்கு அனுப்பப்படுவோர் எண்ணிக்கை ஓராண்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பள்ளிச் செவிலியர் பணி அங்கு வேரூன்றியது இப்படித்தான்.

எல்லா இல்லங்களும் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடவில்லை. 1889இல் உருவான எஜுகேஷனல் அலையன்ஸ் குழந்தைகளை ஆங்கிலப் பள்ளிக்குத் தயார்செய்தது. ஆனால் அவர்களின் வீட்டு மொழியான இத்திஷைத் தொடக்கத்தில் தள்ளியே வைத்தது. சில ஆண்டுகளில் இத்திஷ் மொழிச் சொற்பொழிவுகளுக்கு அங்கேயே கூட்டம் நிரம்பியது. ஒடியா பேசும் பிள்ளையை "தமிழில் பேசு" என்று அதட்டும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வருகிறது.

நமக்கு அருகிலும் ஒரு சான்று உண்டு. 1983 கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்த இலங்கைத் தமிழர்களுக்காக, 1984இல் சந்திரகாசன் தலைமையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தொடங்கப்பட்டது. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற முகாம்களில் பிள்ளைகளின் கல்விக்கு அது துணைநின்றது. இங்கு உதவியவர்களும் அகதிகளே. வெளியிலிருந்து வந்து குடியேறிய வால்டைவிட இது ஒரு படி மேல் என்பேன்.

அந்த மாணவனின் அறைக்கு எனக்கு வழிகாட்டியவள், அதே வரிசையில் வசிக்கும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி. மொழிபெயர்ப்பாளரும் அவளே. ஒரே அறையில் ஏழு பேர், நால்வருக்குச் சொறி. கிராம சுகாதாரச் செவிலியர் வந்து சொன்ன பிறகே எனக்கும் தெரிந்தது: ஒருவனுக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. அறையில் உள்ள அனைவரும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் பூச வேண்டும். துணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். பூசிய மறுநாளே பிள்ளை பள்ளிக்கு வரலாம். "குணமானதும் வா" என்று நான் சொல்லியிருக்கவே தேவையில்லை.

திங்கட்கிழமை அவன் வந்தான். இப்போது எங்கள் பள்ளிச் சீட்டில் தமிழுக்குக் கீழே ஒடியாவும் இருக்கிறது. எழுதித் தந்தவர் அந்தச் சிறுமியின் அப்பா. இந்தி வரி இன்னும் எழுதப்படவில்லை.