அணித்தலைவனும் அவன் அணியும்

சாரணீயத்தின் உயிர்நிலை யாதென வினவின், பலர் சீருடையையும் கயிற்று முடிச்சுக்களையுமே சுட்டுவர். யாம் கண்டவரை அஃது அணிமுறையே. ஆறு முதல் எட்டுச் சிறுவர் கொண்டது ஓர் அணி; அவருள் ஒருவனே அவர்க்குத் தலைவன்.

1907 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் பிரவுண்சித் தீவிலே பேடன் பவல் நடத்திய முதற் பாசறையில் ஏறத்தாழ 20 சிறுவர் கூடினர். சிலர் செல்வர் பயிலும் பெரும் பள்ளிகளிலிருந்து வந்தோர். ஏனையோர் பூல், போர்ண்மத் என்னும் அயலூர்களின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களை வேறு வேறாக வையாது, ஓநாய், காளை முதலிய பெயர் பூண்ட நான்கு அணிகளிற் கலந்தே வைத்தார். ஒவ்வோர் அணியும் முறைவைத்து ஓரிரவு மாவும் இறைச்சியும் தேயிலையும் பெற்றுச் சென்று, தானே தீமூட்டிச் சமைத்துக் காவலிட்டுத் துயின்றது. அணியின் ஒழுக்கத்திற்குத் தலைவனே பொறுப்பாளி. சாரணீயம் 1912 இல் மாத்தளையிற் காலூன்றி, பின்னர் எம் கல்லூரிகளுக்கும் பரவியது. சீருடையும் கொடியும் எளிதில் வந்து சேர்ந்தன; சிறுவனை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கும் துணிவு அத்துணை எளிதில் வந்ததன்று.

தலைவனைத் தெரிதலே முதற்பணி. வலியோனையோ வகுப்பில் முதல்வனையோ நியமித்தல் எளிது. நெடுநடையிற் பின்தங்கியவனைத் திரும்பிப் பார்ப்பவன் எவனோ, அவனையே யாம் தெரிவோம்.

முடிச்சொன்றைக் கற்பிக்க வேண்டின், முன்னர்த் தலைவர்க்கே கற்பித்தல் வேண்டும்; அவர் தத்தம் அணிக்குக் கற்பிப்பர். தெளிவு குறையுமே என்பீர். நாம் கற்பிக்கும்போது மட்டும் வகுப்பு முழுவதும் விழித்திருக்கின்றதா?

மாரிகாலப் பாசறையை எண்ணிப் பார்க்க. விறகு ஈரம், மூன்று கல் அடுப்புப் புகைகின்றது, பசித்த சின்னவர் ஆசிரியர் முகத்தையே நோக்குகின்றனர். அவ்வேளை ஆசிரியர் ஊதுகுழலைக் கையிலெடுப்பின் சோறு விரைவில் வேகும்; ஆனால் அணிக்குத் தலைவன் இல்லாதொழிவான். அரைமணி பொறுத்தால், பனையோலைச் சருகு தேடி ஒருவனை அவனே அனுப்புவான். கிணற்றடி, கடல், கத்தி ஆகியவற்றில் இவ்விதி செல்லாது. அங்கே ஆசிரியர் அருகில் நிற்றல் கடன். அப்பொறுப்பைச் சிறுவன் தலையிற் சுமத்தல் தகாது.

இன்னுமொன்று. சட்டி கழுவும் வேலை எந்நாளும் ஒருவனுக்கே விழுகின்றதா என உற்று நோக்குக. விழுமாயின், அதன் காரணம் பெரும்பாலும் பாசறைக்கு வெளியே, ஊரிலிருந்து வந்ததாயிருக்கும். அதுபற்றிச் சொற்பொழிவு வேண்டா. பணிமுறையை அட்டையில் எழுதிக் கூடார வாயிலிலே தூக்குமாறு தலைவனிடம் கூறுக. சட்டி கழுவுவோர் வரிசையில் முதற்பெயர் அவனுடையதாக இருக்கட்டும்.