கிராமப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் முறை

பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகளில் பலர், விதைப் பையின்மேல் அச்சிட்டிருக்கும் நான்கு வரிகளைப் படித்துப் பொருள் சொல்லத் தயங்குவதைக் கிராமங்களில் நாம் காண்கிறோம். ஆங்கிலச் செய்யுளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளை, "இதில் எத்தனை கிலோ? எந்தத் தேதிக்குள் விதைக்க வேண்டும்?" என்று கேட்டால் விழிக்கின்றது. குறை பிள்ளையின் அறிவில் இல்லை; ஆசிரியரின் உழைப்பிலும் பெரும்பாலும் இல்லை. கற்பிக்கும் முறையில்தான் இருக்கிறது. ஆகவே அம்முறையைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் ஓரளவேனும் அறிந்திருப்பது நலம்.

இடையில் நின்றால் என்ன கிடைக்கும்?

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன், வங்காளத்தில் டாக்கா நகரில் கல்விப் பணி புரிந்தவர் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர். பள்ளியில் சேரும் பிள்ளைகளில் மிகப் பலர் படிப்பை முடிக்காமல் நின்றுவிடுவதை அவர் கவனித்தார். ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் பாலிசியை இடையில் நிறுத்துகிறவருக்கு, கட்டிய பணத்திற்கு ஈடாக ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். இதைச் சரண்டர் மதிப்பு என்பர். படிப்பிற்கும் அத்தகைய மதிப்பு இருக்க வேண்டும் என்றார் வெஸ்ட். மூன்றாம் ஆண்டில் நிற்கும் பிள்ளைக்கும் அம்மூன்று ஆண்டின் பயன் கைக்கு வர வேண்டும் என்பது அவர் கருத்து.

இதை உழவர் எளிதில் உணர்வர். பத்து மாதம் காத்திருந்து ஒரே நாளில் வெட்டும் கரும்பு ஒரு வகை. விதைத்த சில வாரங்களிலேயே பறிக்கத் தொடங்கும் கீரைப் பாத்தி மற்றொரு வகை. இலக்கணத்தை முழுதும் முடித்த பின்புதான் மொழி வரும் என்பது கரும்புப் பயிர். இடையில் விட்டால் ஒன்றும் மிஞ்சாது. மொழிப் பாடம் கீரைப் பாத்தியாக இருத்தல் வேண்டும்.

வங்காளப் பிள்ளைகளுக்கு விரைவில் பயன் தரக்கூடியது படிக்கும் திறமையே என்று வெஸ்ட் கருதினார். தம் ஆய்வை 1926ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அருஞ்சொற்களை நீக்கி, அடிக்கடி வழங்கும் சொற்களைச் சிறிது சிறிதாகப் புகுத்தி வாசகப் புத்தகங்கள் எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் இருப்பவை சுமார் 2,000 சொற்களே. நாள்தோறும் பயன்படும் சொற்களை முதலில் கற்பிக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம்.

சென்னை ராஜ்யத்தின் அனுபவம்

1950களில் நம் ராஜ்யத்துப் பள்ளிகளில் அமைப்பு முறை என்பது புகுத்தப்பட்டது. இதில் இலக்கண விதியை மனப்பாடம் செய்வதில்லை. ஆசிரியர் புத்தகத்தைக் கையில் எடுத்து, "திஸ் இஸ் எ புக்" என்பார். கதவை நோக்கி நடந்துகொண்டே, "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்பார். பிள்ளைகள் கண்டும் கேட்டும் திரும்பச் சொல்லியும் வாக்கிய அமைப்பைப் பழகுவர். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் நடுவில் நிற்கும். இவ்வேறுபாட்டை நாவிற்குப் பழக்க இம்முறை உதவிற்று.

1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு இம்முறையில் மறுபயிற்சி அளிக்கும் பெரு முயற்சி இங்கே தொடங்கப்பட்டது. முதலில் பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தருவது ஏற்பாடு. ஆயினும் இத்தகைய ஏற்பாட்டில், கால்வாய் நீர் கடைமடையை அடையும்போது குறைவது போலவே பயிற்சியின் சாரமும் படிப்படியாகக் குறையக்கூடும். மேலும், வகுப்பில் சொன்ன வாக்கியத்தைச் சரியாகச் சொல்லும் பிள்ளை, வெளியே தேவைப்படும்போது அதை எடுத்தாள இயலாமல் நின்றது.

வேலை கொடுத்துக் கற்பித்தல்

இக்குறையை நீக்க வழி தேடியவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள சில பள்ளிகளில் அவரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை நடத்தினர். பொருளில் மனம் ஊன்றி நிற்கும்போதே மொழியின் அமைப்பு தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. ரெயில் கால அட்டவணை, ஊர்ப் படம் முதலியவற்றைக் கொடுத்து, சிந்தித்து விடை காணும் வேலைகளைப் பிள்ளைகளுக்கு அளித்தனர். முதலில் ஆசிரியர் அதையொத்த ஒன்றை வகுப்போடு சேர்ந்து செய்வார். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தனியே செய்யும். வகுப்பில் பாதிப் பேரேனும், வேலையில் பாதியையேனும் சரியாக முடித்தால் அது தக்க அளவுள்ள வேலை என்று கொண்டனர்.

நம் ஊரில் செய்யத்தக்கவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஊர் வழியே செல்லும் பஸ்களின் நேரத்தைக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, "சந்தைக்குப் பத்து மணிக்குள் போய்ச் சேர எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும்?" என்று ஆங்கிலத்திலேயே கேட்கலாம். பிள்ளை ஒரு சொல்லில் விடை தந்தாலும் போதும். தமிழில் சொன்னாலும் கடிந்துகொள்ளாமல், ஆசிரியர் அதையே ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டலாம். காலி விதைப் பை, விலைப்பட்டியல், விண்ணப்பப் படிவம் யாவும் நல்ல பாடநூல்களே. பூச்சிமருந்துப் புட்டியை மட்டும் வகுப்பிற்குக் கொண்டுவரலாகாது. அதில் காணும் எச்சரிக்கைச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தல் வேண்டும். சிவப்பு முக்கோணம் கொடிய நஞ்சைக் குறிக்கும் என்பதோடு, 'பாய்சன்' என்னும் சொல்லையும் கண்டவுடன் அறியும் பிள்ளை, வீட்டில் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

ஆங்கிலச் சொல்லின்மேல் தமிழ் எழுத்தில் ஒலியை எழுதிப் படிக்கும் வழக்கத்தையும் குறைக்க வேண்டும். தமிழில் எழுதினால் மேலாடையும் 'கோட்', வெள்ளாடும் 'கோட்'. இரண்டின் முதல் ஒலியும் வேறு என்பதைக் காதால் கேட்டே அறிய முடியும். ஆதலால் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் வரிசை வீட்டில் ஆங்கிலம் கேளாத நம் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்களே. ஊராட்சி உறுப்பினருக்கும் அதில் இடமுண்டு. அக்குழு கூடும்போது, "எத்தனை பாடம் முடிந்தது?" என்று மட்டும் கேட்டு நிறுத்தலாகாது. "இம்மாதம் பிள்ளைகள் புதிதாக எதைப் படித்தறியக் கற்றார்கள்?" என்றும் கேட்போமாக. ஆசிரியரைக் குறை கூறுவதற்காக அன்று. அவருக்குத் துணை நிற்பதற்காகவே கேட்போமாக. எளிய கதைப் புத்தகங்கள் சிலவற்றை ஊர் நூலகத்தில் வாங்கி வைப்பதும் பஞ்சாயத்தால் ஆகக்கூடிய காரியமே.

தாய்மொழியில் ஊன்றிய பிள்ளைக்கு மற்றொரு மொழி கூடுதல் கருவியாகும். குடும்பச் சூழ்நிலையால் நாளையே பள்ளியை விட்டு நிற்க நேரும் பிள்ளையும், இன்று கற்ற ஆங்கிலத்தைத் தன் வயலிலும் சந்தையிலும் பயன்படுத்த முடியுமா என்பதே, எந்த முறை சிறந்தது என்பதற்கு நாம் வைக்கத்தக்க உரைகல்லாகும்.