உணவில் ஒளிந்துள்ள அபாயத்தை அறிவது எப்படி?

தோட்டத்துக் கன்டீனுக்குச் சுகாதாரத் தணிக்கை வரப்போகிறது என்று தெரிந்தால், பலரும் முதலில் தேடுவது சுண்ணாம்பு வாளியைத்தான். சுவர் வெளுக்கப்படும்; மேசைக்குப் புது விரிப்பு போடப்படும்; பழைய துடைப்பம் மறைவிடம் சேரும். இவற்றில் தவறேதும் இல்லை. ஆயினும் நோயைத் தருவது சுவரன்று, சட்டியில் உள்ள பண்டமே. தணிக்கைக்கு வருபவர் முதன்மையாக அறிய விரும்புவது ஒன்று உண்டு: இங்குச் சமைக்கப்படும் உணவில் எந்த இடத்தில் ஆபத்து நுழையக்கூடும் என்பதைச் சமைப்பவர் அறிந்திருக்கின்றாரா? அதை அறியும் முறைக்கே அபாயப் பகுப்பாய்வு என்று பெயர்.

இம்முறை பிறந்த வரலாறு சுவையானது. 1960களில் அமெரிக்காவின் நாசா விண்வெளி நிறுவனம் தன் வீரர்களுக்கு உணவு தயாரிக்க வேண்டியிருந்தது. விண்வெளியில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு கண்டால் மருத்துவமனைக்கு ஓட இயலாது. செய்து முடித்த உணவைச் சோதித்துப் பார்த்தே அது நல்லதென்று உறுதிசெய்வதானால், சோதனைக்கே பெரும் பகுதி செலவாகிவிடும். ஆகவே பில்ஸ்பரி என்னும் உணவு நிறுவனம் நாசாவுடனும் இராணுவ ஆய்வுக்கூடத்துடனும் சேர்ந்து, முடிவில் சோதிப்பதை விட்டு, செய்யும் ஒவ்வொரு படியிலும் அபாயத்தைத் தடுக்கும் வழியை வகுத்தது. 1993இல் உலக நாடுகளின் உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் இதனை ஏற்றது. ஹெச்.ஏ.சி.சி.பி. என வழங்குவது இதுவே. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள், உணவுத் தொழிற்கூடங்களுக்கு உணவுப் பாதுகாப்புத் திட்டம் இருத்தல் வேண்டும் என்கின்றன. சிறு தயாரிப்பாளர்களுக்கெனச் சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழும் உண்டு. மாவரைக்கும், முறுக்கு பிழியும் மகளிர் குழுக்கள் இதனை அறிந்துகொள்வது நலம்.

இது வெறும் காகித வேலை என்று எண்ணிவிடலாகாது. 1988ஆம் ஆண்டு அக்டோபரில் பேரா மாநிலத்தில் ஒருவகை மீ உண்டு 13 சிறுவர்கள் மாண்டனர். பூஞ்சையினால் உண்டாகும் அஃப்லடாக்சின் நஞ்சு அவர்களின் ஈரலைத் தாக்கியிருந்தது. கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அகலாது. 2018ஆம் ஆண்டு அக்டோபரில் கெடா பாலிங் வட்டாரத்தில் லக்சா உண்ட இருவர் இறந்தனர். காரணம் சால்மொனெல்லா என்னும் கிருமி. அதுவோ நன்கு வேகவைத்தால் சாகக்கூடியது. ஒன்றைச் சரக்கு வாங்கும்போதே தடுக்க வேண்டும். மற்றொன்றை அடுப்பில் தடுக்கலாம். எந்த அபாயத்தை எங்கே தடுப்பது என்று பிரித்தறிவதே பகுப்பாய்வின் உயிர்நாடி.

தோட்டக் கன்டீனின் கோழிக்கறி ஒன்றை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். முதலில் ஒரு தாளில் அதன் பயணத்தை எழுதுக: பட்டணத்துக் கடையில் வாங்குதல், மோட்டார் சைக்கிளில் கொணர்தல், கழுவுதல், நறுக்குதல், சமைத்தல், சட்டியில் வைத்திருத்தல், பரிமாறுதல், மீந்ததை என்ன செய்தல். நடப்பதை நடப்பபடியே எழுத வேண்டும். மீந்த கறி மறுநாள் காலை ரொட்டிக்குப் போகிறதென்றால் அதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். எழுதியபின் ஒரு நாள் சமையற்கட்டில் நின்று, தாளில் உள்ளபடிதான் நடக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு படியிலும் மூவகை அபாயங்களைத் தேடுக. கல், கண்ணாடி வளையல் துண்டு, கம்பிச் சுருள் போன்றவை ஒருவகை. இரசாயனம் இரண்டாம் வகை. தோட்டப்புறத்தில் இது தனிக்கவனம் பெற வேண்டியது. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும் களைக்கொல்லியும் வந்த பிளாஸ்டிக் கலன்களை அலசிவிட்டுத் தண்ணீர் பிடிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. எத்தனை முறை அலசினாலும் அக்கலன் சமையற்கட்டுக்குள் வரலாகாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

மூன்றாம் வகை கிருமிகள். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். மஞ்சள் போட்டுக் கழுவிவிட்டால் கிருமி போய்விடும் என்று நம் தாய்மார்கள் நம்புவர். மஞ்சள் நிறமும் மணமும் தரும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது. வேகமாகத் திறந்த குழாய்நீர் கோழியின்மேல் விழுந்து தெறிக்கையில், அருகில் நறுக்கி வைத்த வெள்ளரிக்காயில் கிருமி போய்ச் சேரும். வெள்ளரிக்காய்ப் பச்சடி அடுப்பேறுவதில்லை அன்றோ! ஆகவே பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகையும் தனிக் கத்தியும் வேண்டும்.

சமைப்பவரின் கையும் ஒரு படியே. விடியலில் பால் வெட்டிவிட்டுப் பின் கன்டீனில் உதவும் பெண்களின் விரல்களில் கத்திக் காயம் இருப்பது வழக்கம். சீழ் பிடித்த காயத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி குடியிருக்கும். அது உணவில் விட்ட நஞ்சு மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழியாது. காயம் பட்டவர் நீர் புகாத கட்டும் கையுறையும் அணிய வேண்டும். சீழ் இருந்தால் ஆறும்வரை வேறு வேலை தரப்பட வேண்டும். அதற்காக அவருடைய கூலியைக் குறைத்தால், அடுத்தவர் காயத்தை மறைக்கவே செய்வார். இதைத் தோட்ட நிருவாகத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண்ட அபாயங்கள் அனைத்தும் ஒரே எடையுடையன அல்ல. நேரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் தீங்கு எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்து எடைபோட வேண்டும். பருப்பில் சிறு கல் அடிக்கடி வரலாம்; பொறுக்கி எடுத்தால் போதும். கோழி அரைவேக்காடாய் இருந்தால் ஆயாக்கொட்டகைக் குழந்தை உயிரையே இழக்கலாம். இவ்வாறு எடைபோட்டால், நம் கோழிக்கறியில் இரண்டு இடங்கள் தலையாயவை என்பது புலப்படும்: வேகவைத்தல், வேகவைத்ததைச் சூடாக வைத்திருத்தல். கைகழுவுதல், நல்ல நீர், எலி வராமல் அடைத்தல் ஆகியவை எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவான அடிப்படைகள். அவை இன்றி எத்திட்டமும் நில்லாது.

தலையாய இடங்களுக்கு எல்லை வகுக்க வேண்டும். ‘நன்றாக வெந்திருக்க வேண்டும்’ என்பது எல்லையாகாது. தடித்த துண்டின் நடுவில் வெப்பமானியைச் செருகினால் 75 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும் என்பது எல்லை. சட்டியில் காத்திருக்கும் கறி 60 பாகைக்குக் கீழே இறங்கலாகாது என்பதும் எல்லை. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே கிருமிகள் பெருகும். வெப்பமானி சரியானதா என்று பனிக்கட்டி கரையும் நீரில் வைத்துப் பார்க்கலாம். சுழியம் காட்ட வேண்டும்.

இங்கே மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பட்டை நனைந்த நாளில் பால்வெட்டுத் தாமதமாகும். நிறுவை முடிந்து ஆட்கள் சாப்பிட வரும் நேரமும் தள்ளிப்போகும். காலை ஒன்பது மணிக்கு இறக்கிய கறி பிற்பகல் மூன்று வரை மூடிக் கிடக்கும். பெரிய சட்டியின் நடுவே மிதமான வெதுவெதுப்பில் க்ளோஸ்ட்ரிடியம் என்னும் கிருமியின் விதைகள், கொதித்தும் சாகாதவை, முளைத்துப் பெருகும். ஆகவே மழை நாளில் பின்னர்ச் சமைப்பது என்றோ, சிறு தணலில் 60 பாகைக்கு மேலேயே வைத்திருப்பது என்றோ முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும். சோறும் இவ்வாறே. அறைச் சூட்டில் இரவெல்லாம் கிடந்த சோற்றில் உண்டாகும் பாசில்லஸ் கிருமியின் நஞ்சு, மறுநாள் நாசி கோரெங்காக வறுத்தாலும் போகாது.

எல்லை தவறினால் என்ன செய்வது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 75 பாகை வரவில்லையெனில் மேலும் வேகவிடுக. கறி 60க்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரம் ஆகாதிருந்தால் உடனே கொதிக்கவிடுக. எவ்வளவு நேரம் கிடந்ததென்று யாருக்கும் தெரியவில்லையெனில் கொட்டிவிடுக. கொட்டுவது மனத்துக்குக் கடினந்தான். அதனாலேயே அம்முடிவைச் சமையற்காரரின் தலையில் அன்றன்று சுமத்தாமல் முன்னரே எழுதி வைக்கிறோம்.

இவற்றையெல்லாம் ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி, பாகை, கையொப்பம் என்று பதிவு செய்தால் போதுமானது. வாரம் ஒருமுறை சமைக்காத ஒருவர் அதைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். தணிக்கைக்கு முதல் நாள் இரவு ஒரே பேனாவால் மூன்று மாதக் கணக்கை எழுதி நிரப்புவோர் உள்ளனர். எல்லா நாளும் 75, எல்லா நாளும் ஒரே கையெழுத்து, ஒரு சொட்டு எண்ணெய்க் கறைகூட இல்லாத தாள்! அனுபவமுள்ள தணிக்கையாளர் அதைப் புரட்டியதுமே அறிந்துகொள்வார். குறைந்த பாகை வந்த நாளும், அன்று செய்த திருத்தமும் பதிவாகியிருக்கும் புத்தகத்தையே அவர் நம்புவார்.

தணிக்கை நாளில் அவர் மேலாளரிடம் மட்டும் பேசமாட்டார். அகப்பை பிடித்து நிற்கும் அம்மையாரிடமே, ‘இந்தக் கறி வெந்துவிட்டதென்று எப்படி அறிகின்றீர்கள்?’ என்று கேட்பார். ஆகவே திட்டத்தை எழுதும்போதே அவரையும் உடன் அமர்த்தி எழுதுக. உணவைக் கையாளுவோருக்குரிய பயிற்சிச் சான்றிதழும், மூன்றாண்டுக்கு ஒருமுறை போடப்படும் டைபாய்டுத் தடுப்பூசிக்கான அட்டையும் ஒவ்வொருவர் பெயரிலும் தயாராக இருக்கட்டும். ஊசி போடாதவர் இருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தையோ அருகிலுள்ள மருந்தகத்தையோ இந்த வாரமே அணுகுக.